துண்டு போட இடமில்லாத பெட்டி

மார்ச் 4

இன்று முதல் நான் கிடாரிஸ்ட் இல்லை. டப்பா ஆபரேட்டர்.

'மதுரகீதம்' மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருடமாகக் கிடார் வாசிக்கிறவன் கிருபாகரன். என் பெயரையும் சர்வீஸையும் நானே இப்படி எழுதி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழுவை நடத்தும் தர்மலிங்கம் அண்ணனுக்கு இரண்டும் மறந்துபோய்விட்டன. காலையில் ரிகர்சல் ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து அறிவித்தார்.

"இனிமே மேடைல ஆம்ப் கிடையாது கிருபா. ஒன் ஆம்ப் சத்தம் பாடுறவங்க மைக்குல ஏறுது. எல்லாரும் நேரா மிக்ஸருக்குப் போயிருவோம், காதுல குட்டி ஸ்பீக்கர் மாட்டிக் கேட்டுக்குவோம். ஒனக்கு இந்தா, இது."

'இது' என்பது இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. காலால் மிதிக்க நாலு பட்டன், நடுவில் ஒரு திரை. கிடார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப், உலகத்தில் உள்ளது அத்தனையும் இதற்குள் இருக்கிறதாம். எப்படி இருக்கிறது? படமாக இருக்கிறது. ஆம்ப் படம், பக்கத்தில் ஸ்பீக்கர் படம், அதற்கு முன்னால் மைக் படம். ஓட்டல் சுவரில் ஒட்டியிருக்கும் பிரியாணிப் படத்தைப் பார்த்துவிட்டு ஏப்பம் விடச் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 11 பங்குனி உத்திரம், திருப்பத்தூர்ப் பக்கம் பெரிய கச்சேரி. அதற்குள் பெட்டியைப் பழக்கிவிட வேண்டுமாம்.

என் ஆம்பை வேனிலிருந்து வீட்டுக்கு இறக்கிக்கொடுக்க சவுண்டு பார்க்கும் சேவுகன் வந்தான். வழக்கம்போல அவனுடைய ஆரஞ்சுத் துண்டு ஆம்பின் ஸ்பீக்கர் முகத்தில் நாலு மடிப்பாகத் தொங்கியது. ஆறு வருடமாக என் ஆம்பைத் துணி காயப்போடும் கொடியாகத்தான் வைத்திருந்தான் அந்த மனுசன். எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். சிரித்துவிட்டு மறுபடியும் போடுவான். இன்று அதை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே சங்கடம்தாண்ணே" என்றான். அவனுக்குத் துண்டு காயப்போட இடமில்லை என்ற சங்கடம்.

மார்ச் 5

பெட்டியில் நூற்றிருபத்தெட்டு ஒலிகள். நாற்பதைக் கேட்டேன். ஒன்றுகூட கிடார் இல்லை.

மார்ச் 7

மிச்சம் எண்பத்தெட்டையும் ஹெட்போன் மாட்டிக் கேட்டு முடித்தேன். குகைக்குள் வாசிப்பதுபோல ஒன்று, கிணற்றுக்குள் வாசிப்பதுபோல ஒன்று. எல்லாவற்றுக்கும் பொதுவான வியாதி, மொழுமொழுவென்று இருக்கிறது. கம்பியில் பிளாஸ்டிக் படுகிற அந்த 'ச்சிக்' எங்கே? கூர்மையைக் கூட்டும் ட்ரெபிளை எட்டில் வைத்தேன். அதற்கு மேலே 'பிரசென்ஸ்' என்று ஒன்று, உச்சக் கூர்மைக்கான குமிழ். அதையும் ஒன்பதில் வைத்தேன். அப்புறம்தான் கொஞ்சம் உயிர் வந்தது. இதைத் தயாரித்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்திருக்கிறார்கள்.

வளர்மதி தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கத்தினாள். "என்னங்க, இந்த மிஷின் கீச்சு கீச்சுன்னு உசுர வாங்குது. கொஞ்சம் எண்ணெ விடுங்களேன், எத்தன நாளா சொல்றேன்!"

பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். மிதித்துக் காட்டினாள். கடகடவென்று எப்போதும்போல் நன்றாகத்தான் ஓடியது. இல்லாத சத்தத்துக்கு எண்ணெய் விட நான் என்ன பைத்தியமா? கல்யாணமாகி இருபத்து நாலு வருடமாக இவளுக்கு எதிலாவது ஒரு குறை இருக்க வேண்டும்.

மார்ச் 10

பெட்டியோடு முதல் ரிகர்சல். எழுதவே கை கூசுகிறது.

முதல் பாட்டின் ஆரம்பத்திலேயே எனக்கு ஒரு பிட் இருக்கிறது. எடுத்தேன். பாடுகிற மனோன்மணி காதில் விரலை வைத்துக்கொண்டது. டிரம்ஸ்காரர் குச்சியை அப்படியே நிறுத்திவிட்டார். நாடகம்! கூட்டமாகச் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள்.

கீபோர்டு லோகேஷ்வரன், இந்தக் குழுவுக்கு வந்து முழுசாக இரண்டு வருடம் ஆகவில்லை, அவன் சொல்கிறான்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. தகரத்துல ஆணிய வச்சுக் கீறுன மாதிரி இருக்கு."

"தம்பி, நீ வாசிக்கிறது பல்லு வச்ச பலகை. ஒனக்குக் கம்பியோட சத்தம் எப்படித் தெரியும்?" என்றேன். கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

சேவுகன் மிக்ஸரில் எதையோ திருகிக்கொண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "என்னத்தத் திருகுற?" என்றால், "சும்மாண்ணே" என்கிறான்.

முடிந்து செருப்பு மாட்டும்போது தர்மலிங்கம் அண்ணன் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டாலே நல்லது எதுவும் வராது. "எட்டாந்தேதி கடைசி ரிகர்சல் வரைக்கும் பாப்போம் கிருபா. சரியா வரலேன்னு வச்சுக்க, கிடார் பிட்டெல்லாம் லோகுவே கீபோர்டுல வாசிச்சுரட்டும். நீ கொஞ்ச நாளு ரெஸ்ட் எடு."

ரெஸ்ட்! எனக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறு ஒரு வேலையும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசைப்பட்டதில்லை. கிடார் பிட்டைக் கீபோர்டில் வாசிக்கும் ஒரு குழுவை நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதிலாக, வளர்மதி தைக்கும் ஜாக்கெட்டுகளுக்கு ஊக்கு கட்டிக்கொண்டிருக்கலாம்.

மார்ச் 13

பால் குக்கர் தண்ணீர் வற்றி அடிப்பிடித்துக் கறுத்துவிட்டது. வளர்மதி அளவெடுக்கப் பக்கத்துத் தெரு போயிருந்தாள், விசில் வந்தால் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு. அடுப்படிக்கு அடுத்த அறையில், ஹெட்போன்கூட இல்லாமல், பேப்பர் படித்துக்கொண்டு காத்திருந்தேன். விசில் வரவே இல்லை. தீய்ந்த நாற்றம்தான் வந்தது.

மாடி வீட்டு அம்மாள் படியிறங்கி வந்து, "கா மணி நேரமா விசில் அடிக்குதே, வீட்டுல ஆளு இல்லையோன்னு பாத்தேன்" என்கிறாள். அந்த அம்மாளுக்கு அடுத்த வீட்டு விஷயம் என்றால் எல்லாம் கேட்கும்.

இந்தக் காலத்தில் ஒரு விசிலைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

மார்ச் 16

லோகேஷ்வரன் வீட்டுக்கே வந்துவிட்டான். நெட்டில் ஆயிரம் பேர் வாங்கிப் பாராட்டிய செட்டிங்காம். போனிலிருந்து பெட்டிக்குள் ஏற்றினான்.

வாசித்தேன். போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவதுபோல இருந்தது. ஆயிரம் பேரும் செவிடர்கள் போலிருக்கிறது. ட்ரெபிளைக் கொஞ்சம் தூக்கினேன். இன்னும் கொஞ்சம். மறுபடியும் கொஞ்சம். லோகேஷ்வரன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"அண்ணே, போதும்ணே."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"இல்லண்ணே, நெசமாவே காது வலிக்குது."

காபியைப் பாதி குடித்துவிட்டுக் கிளம்பினான். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாமே வலிக்கும். வாசலில் வளர்மதியிடம் எதையோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் போனதும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

மார்ச் 19

நச்சரிப்பு தாங்காமல் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடுகிறது, ஒரு வித்தியாசமும் இல்லை. "அப்பாடா! இப்பத்தான் நிம்மதி. கீச்சுச் சத்தம் சுத்தமா நின்னுருச்சு" என்கிறாள். மனப்பிராந்தி.

மார்ச் 24

இன்று சண்டை.

ரிகர்சலில் யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. மனோன்மணி சிரித்த முகமாகப் பாடியது. தர்மலிங்கம் அண்ணன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். சரி, கடைசியில் நல்ல ஒலி என்றால் என்னவென்று கழுதைகளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். இடைவேளையில் டீ எடுக்கப் போனபோது மிக்ஸரை எட்டிப் பார்த்தேன். என் வரிசையில் மேல்ஸ்தாயிக் குமிழ் முழுக்க இடது பக்கம் திருகிக் கிடந்தது. அதாவது நான் இருபது நாளாக உட்கார்ந்து செதுக்கிய கூர்மையை அப்படியே சீவி எறிந்திருக்கிறான் சேவுகன்.

"என் சத்தத்த வெட்ட ஒனக்கு யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

சேவுகன் டீயை ஊதிக் குடித்தான். நான் விடவில்லை. நாலு பேர் முன்னால் கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டேன். "வயர் சுருட்ட வந்தவன்தானடா நீ" என்றுகூடச் சொன்னேன்.

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: "இன்னைக்கு நேத்தா வெட்டுறேன்? ஆறு வருசமா வெட்டிக்கிட்டுத்தான்ணே இருக்கேன். அப்ப துண்டு இருந்துச்சு. இந்தப் பெட்டில எங்கிட்டுப் போடுறது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். லோகேஷ்வரன்கூட.

குமிழைப் பழையபடி நேராக வைக்கச் சொன்னேன். வைத்தான். அடுத்த பாட்டில் மனோன்மணி மறுபடியும் காதில் விரல் வைத்தது.

துண்டாம். உளறுவாயன்.

மார்ச் 25

அப்ப துண்டு இருந்துச்சு என்றால் என்ன அர்த்தம்?

மார்ச் 27

மதியம் பழைய ஆம்பைத் தூசி தட்டிப் போட்டேன். எப்போதும் வைக்கிற இடத்தில் குமிழ்களை வைத்து, மேடையில் வைக்கிற சத்தத்தில் வாசித்தேன். ஆகா, இதல்லவா கிடார் என்று இருந்தது. வளர்மதி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அய்யய்யோ, பல்லு கூசுதுங்க!"

"இதே ஆம்ப்தானடி எத்தனை கச்சேரில கேட்டிருக்க?"

"கச்சேரில இப்படி இருக்காதுங்க. அங்க நல்லா இருக்கும்."

கொடியில் காய்ந்த என் துண்டை எடுத்து வந்தேன். நாலாக மடித்து ஆம்பின் முகத்தில் தொங்கவிட்டேன். வாசித்தேன். எனக்குச் செத்த ஒலி. அவள் முகம் தெளிந்துவிட்டது. "ஆங்! இதான். கச்சேரில இப்படித்தான் இருக்கும்."

துண்டை எடுத்தேன். காதைப் பொத்தினாள். போட்டேன். கையை எடுத்தாள். நாலைந்து முறை செய்தேன். என்னைக் கேலி செய்ய நடிக்கிறாளோ என்று கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியும் செய்தேன். ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொல்லவில்லை.

மேலூர்க் கச்சேரி ஞாபகம் வந்தது. நாலு வருடம் இருக்கும். அன்று கோபத்தில் சேவுகனின் துண்டை உருவிக் கீழே எறிந்துவிட்டு வாசித்தேன். விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் மேடையேறி வந்து, "கிடார் சவுண்டு ஒரு மாதிரி இருக்குண்ணே" என்று தர்மலிங்கம் அண்ணனிடம் சொன்னார். அந்த ஊரின் கரண்டைக் குறை சொன்னேன். இரண்டாவது பாட்டில் துண்டு மறுபடி தொங்கியது. அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆம்பை அணைத்துவிட்டேன்.

மார்ச் 28

கத்திரிக்காய் அரைக்கிலோ, மல்லித்தழை, வளர்மதிக்குப் பச்சை நூல் இரண்டு உருண்டை. பச்சை தப்பான பச்சையாம். மாற்றி வாங்கி வந்தேன். எதிர்த்துப் பேசவில்லை.

மார்ச் 30

காது டாக்டர். நானாகப் போகவில்லை, வளர்மதி இழுத்துப்போனாள். லோகேஷ்வரன் அன்று வாசலில் என்ன பேசினான் என்பது ஆட்டோவில் வைத்துத் தெரிந்தது. "அண்ணனுக்குக் காது பாத்தீங்களா அக்கா?" என்று கேட்டிருக்கிறான்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் கும், கும் என்று வந்ததற்கெல்லாம் சரியாக அழுத்தினேன். தாளம் தப்புகிற ஆளா நான்? அப்புறம் ஒன்றும் வரவில்லை. சரி, அடுத்த டெஸ்டுக்கு ஏற்பாடு செய்கிறார்கள் என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டெஸ்ட் எடுக்கும் பெண் குனிந்து எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது. ஏதோ ரிப்பேர் போலிருக்கிறது, இவர்கள் மிஷினும் நம் பெட்டி மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கதவைத் திறந்து வந்தது.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"சார், ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. முடிஞ்சிருச்சு."

ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடது பக்கம் ஒழுங்காகப் போகிற கோடு, நடுவில் தடுக்கிவிழுந்து பள்ளத்துக்குள் போகிறது. மேல்ஸ்தாயி முழுக்கப் பள்ளம். இத்தனை வருடமாக டிரம்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவில் நின்றதற்குக் கிடைத்த கூலி என்றார் டாக்டர். திரும்பி வராதாம். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், மிஷின் வைக்கலாம் என்றார். கையெழுத்தைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் வளர்மதி தையல் மிஷினில் உட்காராமல் சும்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், போதும்.

ஏப்ரல் 1

சேவுகன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வயர் சுருட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அன்று நான் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது.

"ஒரு ஸ்பீக்கர் வேணும். கச்சேரில வைக்கிற மாதிரி."

"எதுக்குண்ணே?"

"பாட்டுக் கேக்க."

வேறு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தூக்கி வந்தான். வண்டியில் வைத்துக் கயிறும் கட்டிவிட்டான். மன்னிப்பு என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. "கயிறு நல்லா இறுக்கிக் கட்டு" என்றுதான் வந்தது.

ஏப்ரல் 2

ஹெட்போனைத் தூக்கிப் பரணில் போட்டேன். ஸ்பீக்கரில் பெட்டியை மாட்டி, ஜன்னல்களைச் சாத்தி, வளர்மதியை எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன். "எங்க கூசுதோ அங்க கையத் தூக்கு."

பிரசென்ஸை ஒன்பதிலிருந்து இறக்கினேன். அவள் தூக்கிய கை இறங்கவில்லை. ஏழு, ஐந்து, மூன்று. ட்ரெபிளை இறக்கினேன். பெட்டியில் 'ஹை கட்' என்று ஒன்று இருக்கிறது, ஓர் அளவுக்கு மேலே உள்ள கூர்மையை அப்படியே வெட்டிவிடும். இத்தனை நாளாக அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்தேன்.

இவளுக்குச் சங்கீத வார்த்தை ஒன்றும் தெரியாது. ஜாக்கெட் வார்த்தைதான் தெரியும். "கழுத்துல இறுக்குது... இன்னும் ஒரு சுத்து பிடிங்க... அய்யோ, ரொம்பப் பிடிச்சுட்டீங்க, மூச்சு முட்டுது. அரை விடுங்க. இப்ப இடுப்புல தொளதொளன்னு இருக்கு." இடுப்பு என்றால் நடுஸ்தாயி என்று புரிந்துகொள்ள எனக்கு அரைமணி நேரம் ஆனது. அதைக் கொஞ்சம் தூக்கினேன். "ஆங். இப்ப நிக்கிது பாருங்க, அளவா!"

எனக்கா? எனக்குச் சாக்குக்குள் போட்டுக் கட்டிய கிடார். சத்தியமாக, இதை இன்னொருவன் வாசித்திருந்தால் காறித் துப்பியிருப்பேன். "நல்லா இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில். நாலாவது தடவை அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நான் உங்ககிட்ட பொய் சொல்வேனாங்க?"

சேமிக்கப் பெயர் கேட்டது பெட்டி. அதற்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். டி எச் யு என் டி யு என்று ஒவ்வொரு எழுத்தாகத் திருகி வைத்தேன்.

ஏப்ரல் 8

கடைசி ரிகர்சல். வாசித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காமல் இருப்பது இவ்வளவு சுகம் என்று இத்தனை நாள் தெரியாது.

"அண்ணே, சூப்பர்ணே! எந்த செட்டிங்?" என்று லோகேஷ்வரன் குதித்து வந்தான். அவன் ஏற்றிய குப்பையை அழித்துவிட்டதாகச் சொன்னேன். அதற்கும் சிரிக்கிறான். கீபோர்டில் கிடார் வாசிக்க முடியவில்லையே என்று அவன் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கெட்டிக்காரன், காட்டிக்கொள்ளவில்லை. அல்லது வருத்தமே இல்லையோ என்னவோ.

தர்மலிங்கம் அண்ணனிடம் டாக்டர் கொடுத்த தாளைக் காட்ட வேண்டும் என்று பையில் வைத்துக்கொண்டு போனேன். அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏப்ரல் 12

நேற்று உத்திரக் கச்சேரி.

பந்தல் அலங்காரம் கண்றாவி. கமிட்டித் தலைவர் பேசியதில் ஒரு வாக்கியமும் முடியவில்லை. பொங்கலில் உப்பில்லை. இதெல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்கு மேடையில் வயர் மாட்ட சேவுகன் வந்தான். என் காலடியில் குனிந்தவன் பெட்டியின் திரையைப் பார்த்து அப்படியே நின்றான். எழுத்துக் கூட்டிப் படித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அண்ணே... நம்ம துண்டா?"

"வேலையப் பாருய்யா" என்றேன். அப்புறம், இதையும் எழுதத்தான் வேண்டும், "அன்னைக்கு நான் பேசுனது தப்பு சேவுகா" என்றேன். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பெட்டியின் திரையில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போனான். எட்ட நின்று பார்த்தேன். மிக்ஸரில் என் வரிசையில் குமிழ்கள் எல்லாம் நேராக நின்றன. கச்சேரி முழுக்க அவன் கை அந்தப் பக்கம் போகவே இல்லை.

ஆறாவது பாட்டில் எனக்கு நீளமான பிட். காதில் எனக்குச் சாக்குக் கிடார்தான் கேட்டது. நம்ப முடியாத ஒலியில் கையை நம்பி வாசித்தேன். மூன்றாம் வரிசையில் வளர்மதி உட்கார்ந்திருந்தாள். அவள் கை மடியில் இருந்தது. கடைசி வரைக்கும் மடியிலேயே இருந்தது.

முடித்ததும் காதிலிருந்த குட்டி ஸ்பீக்கரைக் கழற்றினேன். முன்னால் நின்ற கூட்டம் மொத்தமும் வாயில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கன்னம் உப்ப நின்றது. கைதட்டல் கேட்டது. தரை அதிர்ந்தது தெரிந்தது. விசில் மட்டும் இல்லை. அத்தனை வாய், ஒரு விசில்கூட என்னிடம் வரவில்லை.

இந்த ஊர்க்காரப் பயல்களுக்கு ஒழுங்காக ஒரு விசில் அடிக்கக்கூடத் தெரியவில்லை என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன்.

நன்றாகத்தான் அடித்திருப்பார்கள்.